தலவிதியும் தலைவிதியும்



டில்லி மாநகரில் டாக்டர் ஜாகிர் உசேன் சாலை வழியாகப் பேருந்தில் செல்வோர், ஒருபுறம் தொடர்ந்து வரும் மரச்செறிவைக் கண்டிருப்பர். அது டில்லி கோல்ஃப் சங்கத்தின் மைதானம். கொல்கத்தாவில் வாழும் நம்மவர் டாலிகஞ்சில் அத்தகைய மைதானமொன்றைக் கண்டிருப்பர். ஷில்லாங்கில் வாழ்வோரும் கண்டிருப்பர். பல்லாண்டுகள் அவற்றின் ஓரமாகப் போய்வந்தும் உள்ளே நடப்பது என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. செல்வர் ஆடும் ஆட்டம், நமக்கு அதனால் ஆவதென்ன என்று விட்டுவிடுவது இயல்பே. நானும் அவ்வாறுதான் இருந்தேன், மொழிபெயர்ப்பு வேலை ஒன்று என்னை அங்கே இழுத்துச் செல்லும் வரையில்.

வடநாட்டுப் படைவீட்டு நகரம் ஒன்றில் பணியாற்றிய என் நண்பர் ஒருவர், அவ்வூர்க் கோல்ஃப் சங்கத்தின் ஆட்டக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அம்மைதானத்தில் புல் வெட்டுவோரிலும் மட்டைப் பை சுமப்போரிலும் சிலர் தமிழர். பட்டாளத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தினர். ஆட்டக்காரரின் எண்ணிக்கை அட்டைக்குப் பின்புறம் அச்சிட்டிருக்கும் விதிகளை இவர்களும் தம் மொழியில் படித்தறிய வேண்டும் என்று நண்பர் விரும்பினார். என்னிடம் அனுப்பிவைத்தார்.

முதற் சொல்லே முள்ளாயிற்று. பை சுமந்து உடன் வருபவரை ஆங்கிலேயர் அழைக்கும் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் ‘கேடி’ என்று வரும். நம் ஊரில் அச்சொல்லுக்குப் போலீசார் ஏட்டில் வேறு பொருள் உண்டு. நேர்மையாக உழைப்பவரை அவ்வாறு எழுத மனம் வரவில்லை. ‘உதவியாளர்’ என்று எழுதினேன். அடுத்தது தலைப்பு. ‘லோக்கல் ரூல்ஸ்’ என்பதை எவ்வாறு எழுதுவது? முன்னாளில் ஸ்தல ஸ்தாபனம் என்று வழங்கியதை நினைவிற் கொண்டு, ‘தலவிதிகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுப்படி திரும்பி வந்தபோது அது ‘தலைவிதிகள்’ என்றிருந்தது!

பிழையைத் திருத்தினேன். எனினும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. தலவிதி என்பது ஓர் இடத்தின் இயல்பை அறிந்து மனிதர் தாமே வகுத்துக்கொள்வது. வேண்டும்போது மாற்றத் தக்கது. தலைவிதி என்பது மாற்ற இயலாதது என்று நாம் பொறுத்துக்கொள்வது. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதால் ஒரு மைதானத்தில் எவ்வளவு பொழுது வீணாகிறது என்பதைப் பின்னரே கண்டேன். அதனையே இன்று சொல்ல வந்தேன்.

ஆட்டத்தைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். கிரிக்கெட்டுக்கும் டென்னிசுக்கும் அளந்து கோடிட்ட களம் உண்டு. கோல்ஃபுக்கு அத்தகைய களம் இல்லை. மேடு, பள்ளம், ஓடை, மணற்குழி, மரம், புதர் ஆகியவற்றின் ஊடே, தொடக்கமேடையிலிருந்து பந்தை அடித்துச் சென்று, புல்லை ஒட்டக் கத்தரித்த பசுந்தளத்திலுள்ள சிறு குழியில் இடவேண்டும். இவ்வாறு 18 குழிகள் கொண்டது ஒரு சுற்று. குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். பந்து கிடந்த இடத்திலிருந்தே அதனை ஆடவேண்டும் என்பது இவ்வாட்டத்தின் மூலதர்மம். ஆனால், ஒரு மைதானம் போல மற்றொன்று இராதாகையால், எல்லா ஊர்க்கும் எழுதிய பொதுவிதி ஒவ்வோர் ஊரின் ஓடைக்கும் வேலிக்கும் விடை சொல்ல இயலாது. இங்கேதான் தலவிதி பிறக்கிறது.

பொதுவிதியும் தலவிதியும் உடன்பிறந்தவை என்றே கூறலாம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ஃப் விதிகள், ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த லீத் என்னும் இடத்தில் ஆடிய கனவான்கள் 1744ஆம் ஆண்டில் எழுதியவை. மொத்தம் 13 விதிகள். ஒரு தாளில் அடங்குபவை. அவற்றுள் இறுதி விதி முற்றிலும் அவ்வூருக்கே உரியது. திடலைக் காப்பதற்காக வெட்டிய அகழியிலோ, மாணாக்கர் குழிகள், படைவீரர் வரிசைகள் எனப் பெயர் பெற்ற இடங்களிலோ பந்து விழுந்தால், அதை வெளியே எடுத்துவைத்து ஆடலாம் என்பது அதன் கருத்து. லீத்தைக் காணாதவனுக்கு அவ்விதி விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை.

நம் நாட்டுக்கு இவ்வாட்டம் வந்தது மிக முன்னரே. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டில் தோன்றிய சங்கமே, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் நிலைத்துள்ள கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழையது. ‘ராயல்’ என்னும் பட்டம் 1911இல் அதற்குக் கிடைத்தது. அந்நகரத்தைச் சார்ந்து நெடுநாளாக வழங்கும் கதை ஒன்றுண்டு. குரங்குகள் வந்து பந்துகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவாம். வேலி உயர்த்தியும் பயனில்லை; விரட்டியும் பயனில்லை. இறுதியில், குரங்கு எங்கே பந்தைப் போடுகிறதோ அங்கிருந்தே ஆடவேண்டும் என்று ஒரு விதி செய்துவிட்டனராம். கதையைக் கதையாகவே கொள்க. இன்றைய பொதுவிதி இவ்வளவு கடுமையானதன்று. ஓய்ந்து கிடக்கும் பந்தைக் குரங்கோ காகமோ பருந்தோ எடுத்துச் சென்றது என்பது உறுதியானால், தண்டம் ஏதுமின்றி முன்பிருந்த இடத்திலேயே பந்தை வைத்து ஆடவேண்டும்.

கதை அன்று, நடந்ததே என்று சொல்லத் தக்க வியப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், லண்டனை அடுத்த ரிச்மண்டு கோல்ஃப் சங்கம் தற்காலிக விதிகள் சிலவற்றை வெளியிட்டது. குண்டு விழும்போது ஆட்டத்தை நிறுத்திப் பதுங்கிக்கொள்ளலாம்; அதற்குத் தண்டம் இல்லை. புல் வெட்டும் பொறி கெடாதவாறு குண்டுச் சிதறல்களைப் பொறுக்கிவிட வேண்டும். பகைவர் செயலால் பந்து நகர்ந்துவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால், அடிக்கும் அதே கணத்தில் குண்டு வெடித்து அடி பிசகினால், மற்றொரு பந்தை அதே இடத்திலிருந்து ஆடலாம். அதற்கு ஓர் அடி தண்டம்! படித்தவுடன் நகைப்பே வரும். சற்று எண்ணிப் பார்த்தால், அந்நாளில் அவ்விடத்தில் உண்மையாக நேர்ந்த இடர்களுக்கே அவ்விதிகள் விடை சொன்னமை புலனாகும். போர் முடிந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. நல்ல தலவிதிக்கு இதுவே இலக்கணம்.

இவ்விலக்கணத்தை இன்றைய விதிநூலும் வற்புறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசிலுள்ள அமைப்பும் அமெரிக்க அமைப்பும் 1952இல் தம் விதிகளை ஒன்றாக்கின. உலகெங்கும் ஒரே விதிநூல் வழங்கலாயிற்று. 2019இல் அதனைப் பெரிதும் திருத்தி, 34 விதிகளை 24ஆகச் சுருக்கினர். தலவிதிகளுக்கு மாதிரிகளும் தந்துள்ளனர். மழைக்காலத்தில் புல்வெளி சேறானால், பந்தை எடுத்துத் துடைத்து அருகில் வைத்து ஆடலாம் என்று சங்கம் விதி செய்யலாம். நிலம் உலர்ந்தபின் அச்சலுகையை எடுத்துவிட வேண்டும். டில்லி மைதானத்தில் லால் பங்களா போன்ற முகலாயர் காலக் கட்டடங்கள் நிற்கின்றன. இத்தகைய கட்டடத்தை ஒட்டிப் பந்து விழுந்தால் தண்டமின்றி அகற்றி வைக்கலாமா, அன்றிக் கட்டடமும் ஆட்டத்தின் ஓர் அங்கமா என்பதை அந்தந்தச் சங்கத்தின் குழு தீர்மானிக்கலாம். ஆனால், பொதுவிதி ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதனை மாற்றித் தலவிதி செய்தல் ஆகாது. இடம் கேட்கவேண்டும், ஆள் கேட்டால் போதாது.

வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. மாடியில் மூன்று குடும்பம், கீழே ஒரே குழாய், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் என்றால், யார் எத்தனை குடம் பிடிப்பது என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்வதில்லை. அக்குடியிருப்போர் தாமே முறை வகுத்துக்கொள்கின்றனர். அம்முறையில் முதற் கேள்வி, பின்னால் குடத்தோடு நிற்பவர் எத்தனை பேர் என்பதே.

நிற்க. கோல்ஃப் மைதானத்திலும் பின்னால் நிற்பவர் உண்டு. நான்கு பேர் கொண்ட அணிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டக்காரர் புறப்படுகின்றனர். முன்னே செல்லும் அணி நின்றால், பின்னே வருவன எல்லாம் நிற்கும். ஆதலின், ஆட்டத்தின் வேகம் பற்றியும் விதிகள் உள. காணாமற்போன பந்தைத் தேட முன்னர் 5 நிமிடம் தந்தனர். 2019 முதல் 3 நிமிடமே. தம் முறை வந்து, தடையேதும் இன்றி அடிக்கக் கூடிய நிலை ஏற்பட்டபின் 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நலம் என்கிறது விதிநூல். அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில், குழிக்குத் தொலைவில் உள்ளவரே முதலில் ஆடவேண்டும் என்று காத்திராமல், ஆயத்தமாக இருப்பவர் பிறருக்கு அபாயமின்றி ஆடலாம் என்று ஊக்குகிறது. விரைந்து வரும் அணிக்கு வழிவிடச் சொல்கிறது.

இப்பகுதியை மொழிபெயர்க்கும்போது மற்றோர் இடர் நேர்ந்தது. ஆங்கில மூலத்தில் கட்டாயத்துக்கு ஒரு சொல்லும், நல்லொழுக்கத்துக்கு வேறொரு சொல்லும் உள்ளன. நம் தமிழில் இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்றே சொல்லிவிடுகிறோம். ‘வரி கட்ட வேண்டும்’ என்பதும் ‘பெரியோரை வணங்க வேண்டும்’ என்பதும் ஒரே வேண்டும்தான். ஆனால் இங்கே வேறுபாடு பெரிது. காரணமின்றி ஆட்டத்தைத் தாமதப்படுத்தலாகாது என்பது கட்டாயம்; மீறினால் முதன்முறை ஓர் அடி தண்டம், அடுத்து அதனினும் கடிய தண்டம், மூன்றாம் முறை நீக்கம். 40 விநாடி என்பதோ அறிவுரை. சங்கம் தனியே வேகவிதி செய்தாலன்றி அதற்குத் தண்டம் இல்லை. ஆதலின் முன்னதைக் ‘கட்டாயம்’ என்றும், பின்னதை ‘முறை’ என்றும் பிரித்தெழுதினேன்.

அட்டை அச்சாயிற்று. குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் நண்பர் என்னை மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். மூடுபனி விலகிச் சற்று முன்னரே ஆட்டம் தொடங்கியிருந்தது. மூன்றாம் குழியின் தொடக்கமேடையருகே மூன்று அணிகள் காத்துக்கொண்டிருந்தன. சிலர் புல்லில் அமர்ந்து தேநீர் அருந்தினர். சிலர் கடிகாரத்தைப் பார்த்தனர். ‘ஞாயிறன்று இப்படித்தான், நம் தலைவிதி’ என்றார் நண்பர். அச்சுப்பிழை என் நினைவுக்கு வந்தது.

அங்கே நின்ற முதிய தமிழர் ஒருவர், புல்வெளிப் பணியாளர், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஐயா, விரைந்து ஆடுவது முறை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் விரைந்துதான் வருகிறார்கள். வந்து இந்த மூன்றாம் குழியில் நிற்கிறார்கள். ஆடுகிறவருக்கு எழுதியிருக்கிறீர்கள்; ஆளை அனுப்புகிறவருக்கு ஒன்றும் எழுதவில்லையே?” என்றார்.

நண்பர் முதலில் சிரித்தார். பிறகு தம் கடிகாரத்தை எடுத்தார். அன்று ஒரு மணி நேரம் அங்கேயே நின்று இருவரும் கணக்கெடுத்தோம்.

முதற் குழியிலிருந்து 8 நிமிடத்துக்கு ஓர் அணி புறப்படுகிறது. மூன்றாம் குழி குறுகியது. ஒரே அடியில் பசுந்தளத்தை எட்ட வேண்டியது. முன்னணி ஆடி நடந்து பந்தைக் குழியில் இட்டு விலகும்வரை பின்னணி அடிக்க முடியாது. இதற்கு 10 நிமிடம் ஆகிறது. ஆகவே, ஓர் அணிக்கு 2 நிமிடம் வீதம் தேக்கம் வளர்கிறது. இரண்டாம் அணி 2 நிமிடம் காத்தால், பதினோராம் அணி 20 நிமிடம் காக்கும். இதில் யாரும் சோம்பேறி அல்லர். யாரும் குற்றவாளி அல்லர். அவர்களைக் கடிந்துகொள்வதாலும் தண்டிப்பதாலும் ஒரு விநாடியும் குறையாது.

இன்னும் ஒரு படி மேலே எண்ணுக. 8 நிமிடத்துக்கு ஒன்றாக 2 மணி நேரத்தில் 15 அணிகளை அனுப்பலாம். 10 நிமிடத்துக்கு ஒன்றாக 12 அணிகளே அனுப்பலாம். 12 பேருக்கு இடம் போய்விடுமே என்று குழுவினர் அஞ்சினர். ஆனால், மூன்றாம் குழியோ 2 மணி நேரத்தில் 12 அணிகளுக்கு மேல் விடுவதில்லை. மிகுதியாக அனுப்பிய மூன்று அணிகளும் ஆடப் போகவில்லை, நிற்கத்தான் போயின.

இத்தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதையும் அன்றே கண்டேன். ஆட்டக்காரருக்கு அது சலிப்பு. உதவியாளருக்கு அது கூலி. அம்மைதானத்தில் அவர்கள் பெறுவது சுற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில். காலைச் சுற்று நான்கு மணி நேரத்தில் முடிந்தால், உண்டு இளைப்பாறிப் பிற்பகல் மற்றொரு சுற்றுப் போகலாம். ஐந்தரை மணி நேரம் ஆனால், குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு முன்னரே இருட்டிவிடுகிறபடியால், இரண்டாம் சுற்று இல்லை. பாதிக் கூலியோடு வீடு திரும்ப வேண்டும். வடநாட்டு மைதானங்களில் பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல முன்னால் ஓடி நிற்பவரை ‘ஆகேவாலா’ என்பர். ஆகே என்றால் முன்னே என்று நம்மவர் அறிவீர்கள். முன்னே நிற்கும் அவரே வருவாயில் எல்லார்க்கும் பின்னே நிற்கிறார்.

இத்தகையோரை எளியராக எண்ணிவிடலாகாது. 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை டில்லி மைதானத்தில் வென்ற அலி ஷேர், உதவியாளராக இருந்து உயர்ந்தவரே. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழிலாட்டக்காரர் அவர். 2016, 2017 ஆகிய இரண்டாண்டும் அதனை வென்ற சௌராசியா, கல்கத்தாச் சங்கத்தில் புல்வெளி காத்தவரின் மகன்.

குழு கூடியது. மூன்று முடிவுகள் செய்தது. ஞாயிறன்று 10 நிமிடத்துக்கு ஓர் அணியே புறப்படும். மூன்றாம் குழியில், முன்னணியினர் பசுந்தளத்தை அடைந்ததும் ஒதுங்கி நின்று பின்னணியினரை அடிக்கச் சொல்லி, அவர்கள் நடந்து வருவதற்குள் தம் ஆட்டத்தை முடித்துக்கொள்வர். மூன்றாவது, மாதிரித் தலவிதிகளுள் ஒன்றை ஏற்றுக்கொண்டது. பொதுவிதியின்படி பந்து தொலைந்தால், ஓர் அடி தண்டத்தோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப நடந்து சென்று ஆடவேண்டும். பின்னால் வருவோர் யாவரும் அதுவரை நிற்க வேண்டும். தொலைந்ததோ என்ற ஐயம் எழுந்தவுடனே, அறிவித்துவிட்டு மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவைப்பது முன்யோசனை. அதனைச் செய்யாதவர், திரும்ப நடக்காமல், பந்து தொலைந்த இடத்தை ஒட்டிய பகுதியிலேயே இரண்டு அடி தண்டத்தோடு வேறு பந்தை இட்டு ஆடலாம் என்பது அத்தலவிதி. உயர்நிலைப் போட்டிகளுக்கு அது தகாது. முட்புதர் மலிந்த மைதானத்தில் ஞாயிறு ஆட்டத்துக்குத் தகும்.

எல்லாரும் மகிழ்ந்தனர் என்று சொன்னால் அது மெய்யாகாது. விடியற்காலை இடம் கிடைக்காத உறுப்பினர் சிலர் முணுமுணுத்தனர். இரண்டு அடி தண்டம் மிகுதி என்றனர் சிலர்; குறைவு என்றனர் வேறு சிலர். குளிர்காலம் முழுதும் நடத்திப் பார்த்து, பிறகு மாற்ற வேண்டுமாயின் மாற்றிக்கொள்வோம் என்று குழு விடை கூறிற்று. தலவிதியின் அழகே அதுதான்.

அடுத்த பதிப்பில் அட்டைக்கு ஒரு வரி சேர்த்தேன். ஆடுவோருக்கான விதிகளுக்கு மேலே, புறப்படும் நேரத்தைக் காப்பது சங்கத்தின் கட்டாயம் என்று. முதியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாரிக்காலத்தில் பல ஞாயிறுகளில் அவர் மகன் இரண்டு சுற்றுப் போனான் என்று நண்பர் பின்னர் எழுதியிருந்தார்.

நேயர்களே, மைதானத்து ஓரமாக அடுத்த முறை நீங்கள் போகும்போது, உள்ளே ஓர் அணி நின்றுகொண்டிருக்கக் காணலாம். அவர்கள் நிற்பது தலைவிதியா, தலவிதியா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நம் தெருக் குழாயடியிலும் அக்கேள்வி பயன்படும்.